உங்களுக்குத் தெரியுமா? – மலை ஏறும் வூஃபரும் 16 வோல்ட் பேட்டரியும்

● கார் பேட்டரியின் மேல் '12 வோல்ட்' என்று அச்சடித்திருந்தாலும் அது 12-ல் நிற்பதில்லை. உள்ளே ஆறு செல்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும். ஆக, வண்டி அணைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் டைனமோ (ஆல்டர்னேட்டரைப் பட்டறைகளில் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள்) அதை 13.8 முதல் 14.4 வரை தூக்கிப் பிடிக்கும். ஓய்ந்திருக்கும் பேட்டரி சரியாக 12.0 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே ஏறக்குறைய கால்வாசிதான் மிச்சம்.

● அதே பேட்டரியில் ஆறுக்குப் பதில் எட்டு செல்களை அடுக்கினால் 16 வோல்ட். கார் பந்தயக்காரர்களுக்கும், வண்டியில் யார் அதிகம் சத்தம் போடுவது என்று போட்டி நடத்துபவர்களுக்கும் இப்படிப்பட்ட பேட்டரிகளைத் தனியாகவே செய்து விற்கிறார்கள். இதைச் சார்ஜ் செய்ய 18 வோல்ட்டைத் தாண்ட வேண்டியிருக்கும். எனவே சாதாரண டைனமோவில் கட்டினால் அது ஒருநாளும் நிறையாது. அதற்கென்று வேறு ரெகுலேட்டரோ, தனி டைனமோவோ, வோல்ட்டை உயர்த்தித் தரும் கன்வெர்ட்டரோ வேண்டும். பேட்டரியின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

● இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு சக்தி, மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 14.4-லிருந்து 16-க்குப் போனால் 23 சதவீதம் கூடுதல் வாட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காது வாட்டில் கணக்குப் பார்ப்பதில்லை, டெசிபலில் பார்க்கிறது. 23 சதவீத வாட் என்பது 0.9 டெசிபல். அருகருகே ஒப்பிட்டுக் கேட்டால்கூடப் பாதிப் பேருக்கு வித்தியாசம் பிடிபடுவது சந்தேகம்.

அந்த 23 சதவீதமும் எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் கிடைக்காது. உள்ளே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் 'ரெகுலேட்டட்' வகை ஆம்ப், 12 கொடுத்தாலும் 14 கொடுத்தாலும் ஒரே வாட்தான் தரும். 16-க்கு மாற்றியவர் அதில் கண்ட லாபம் பூஜ்யம்.

● இப்போது மலைக்கு வருவோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள நாயுடுபுரத்தில், செட்டியார் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நின்று மூச்சிழுத்தால், கடற்கரையில் இருப்பதைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூச்சு வாங்குவது உங்களுக்கு மட்டுமல்ல, வூஃபருக்கும்தான். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வூஃபரின் கூம்பு ஒரு செ.மீ. முன்னே வந்தால் எவ்வளவு அழுத்தம் எழும் என்பது, அங்கே ஏற்கெனவே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று மெலிந்தால், கூம்பின் அதே அசைவுக்கு எழும் ஒலியும் மெலியும்.

அடிவாரத்து வத்தலக்குண்டில் கிளம்பி நாயுடுபுரம் வந்து சேர்வதற்குள் பேஸ் இப்படி இழப்பது ஏறக்குறைய இரண்டு டெசிபல். அதாவது 16 வோல்ட்டுக்குச் செலவழித்துப் பெற்ற 0.9 டெசிபலை, மலைப்பாதை வட்டியும் முதலுமாகப் பிடுங்கிக்கொண்டு விடுகிறது. அடிவாரத்தில் அதிர்ந்த டிக்கி மேலே வந்ததும் அடங்கிப் போவதாகத் தோன்றினால், ஆம்ப்பைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் ஆல்டிமீட்டரைப் பாருங்கள்.

● பிறகு எதற்குத்தான் உயர் மின்னழுத்தம்? சத்தத்துக்காக அல்ல, கம்பிக்காக. 2,000 வாட் தரும் கிளாஸ்-டி ஆம்ப் ஒன்று 80 சதவீதத் திறனில் வேலை செய்தால் பேட்டரியிடம் 2,500 வாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 208 ஆம்பியர். 14.4-ல் 174. 16-ல் 156. 24-ல் 104. 48-ல் வெறும் 52. கம்பியில் சூடாக வீணாகும் சக்தி ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், ஆம்பியர் பாதியானால் அதே கம்பியில் வீணாவது கால்வாசியாகும். இந்த ஒரு வரிக் கணக்கில்தான் உலகத்து மின்வாரியங்கள் எல்லாம் பிழைக்கின்றன.

● 1902-லேயே இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டுக் காட்டியவர்கள் மைசூர் சமஸ்தானத்தார். காவிரி விழும் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரத்தை ஏறக்குறைய 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு 30,000 வோல்ட்டில் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பானெட்டிலிருந்து டிக்கி வரையுள்ள ஐந்து மீட்டருக்கும் விதி அதேதான், தூரம்தான் வேறு.

● அந்த ஐந்து மீட்டரை அலட்சியம் செய்ய வேண்டாம். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் இழுத்து அதில் 200 ஆம்பியர் ஓடினால், பாசிட்டிவ் பக்கத்தில் மட்டும் 1.15 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். 230 வாட் கம்பியைச் சூடாக்கப் போகும். அதே இடத்தில் 50 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். 16 வோல்ட் பேட்டரிக்கு அலைவதற்கு முன் கம்பியை மாற்றினாலே அதன் லாபத்தில் பாதி கைக்கு வந்துவிடும் என்பது இந்தப் பத்தி எழுதுபவரின் கட்சி.

● விலை மலிவாக, பார்க்கத் தடியாக விற்கும் கேபிள்களில் பல, செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். தெரிந்தால் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள், அல்லது கடையை மாற்றுங்கள்.

● நெகட்டிவ் பக்கம் பாடி எர்த். பெயின்ட்டைச் சுரண்டாமல் போல்ட் முறுக்கிய எர்த், 200 ஆம்பியர் ஓடும்போது ஸ்டவ் ஆகிவிடும். மலையில் மூடுபனி ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்த்து கிரீஸ் பூசுவது நல்லது.

● "உயர் மின்னழுத்தத்தில் வண்டிக்குள் பாட்டு" என்பது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் அதைக் கேட்டபடிதான் வேலைக்குப் போகிறார்கள். நம்மூர்ப் பெரிய பேருந்துகளும் லாரிகளும் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக உட்கார்ந்திருக்கும். ஓடும்போது 28 வோல்ட் பக்கம் காட்டும். பெரிய டீசல் இன்ஜினைச் சுழற்ற வேண்டிய செல்ஃப் மோட்டாருக்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் மேல்தான் கரூரில் பாடி கட்டி வரும் தனியார் பேருந்துகளின் வண்ண விளக்கும், வரிசை வரிசையான ஸ்பீக்கரும், கண்டக்டரின் விசிலையும் விழுங்கிவிடும் பாட்டும் சவாரி செய்கின்றன.

அங்கே ஒரு சின்னச் சிக்கல். கடையில் கிடைக்கும் செட்டும் ஆம்ப்பும் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானவை. முறையாகச் செய்கிறவர்கள் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைப்பார்கள். அவசரக்காரர்கள் இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவார்கள். பாட்டு வரும். ஆனால் எர்த் பக்கத்துப் பேட்டரி மட்டும் தினமும் கரைய, டைனமோ இரண்டையும் சேர்த்தே 28 வோல்ட்டுக்குத் தள்ள, குறைந்தது குறைந்துகொண்டே போகும், நிறைந்தது கொதிக்கும். சில மாதங்களில் ஒன்று வறண்டு, இன்னொன்று உப்பி, இரண்டையும் மாற்ற வேண்டி வரும். ஒரே நாளில் வாங்கிய ஜோடிப் பேட்டரியில் ஒன்று மட்டும் முதலில் சாகிறது என்றால், நடு ஒயரைத் தேடிப் பாருங்கள்.

● மலைப்பாதையில் காருக்கு பேட்டரி இறங்கிப் போய், பின்னால் வந்த லாரிக்காரர் உதவ முன்வந்தால் நன்றி சொல்லுங்கள். ஆனால் ஒயரை அவருடைய இரண்டு பேட்டரியின் கோடிகளில் மாட்ட வேண்டாம். 24 வோல்ட் உள்ளே போனால் செட், ஆம்ப், கம்ப்யூட்டர் எதற்கும் உத்தரவாதமில்லை. அவருடைய ஒரு பேட்டரியின் இரு முனைகளிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட்தான் வரும்.

● மைக் செட்காரர்களின் ஞானம் கார் ஆடியோக்காரர்களுக்கு மூத்தது. 1940-ல் தொடங்கிய தில்லி அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் இல்லாத திருவிழாவோ தேர்தலோ நம்மூரில் இல்லை. அவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டு மின்சாரத்துக்கு ஓர் ஒயர், பேட்டரிக்கு இரண்டு முனை. சின்ன வாட் ஆம்ப்புகள் 12 வோல்ட்டில் ஓடும். 250 வாட் போன்ற பெரியவற்றில் 24 வோல்ட் கேட்கும் வகைகள் உண்டு. பிரசார ஜீப்பில் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி உட்கார வைப்பதன் ரகசியம் இதுதான். வாட் கூடும்போது ஆம்பியரை ஏற்றாமல் வோல்ட்டை ஏற்றுவது என்று அவர்கள் முடிவு செய்து எத்தனையோ தேர்தல்கள் போய்விட்டன.

● அதே ஆம்ப்பில் ஸ்பீக்கர் முனைகள் பக்கம் '100 வோல்ட் லைன்' என்று ஒன்று இருக்கும். தெருக்கோடி வரை கூம்பு ஒலிபெருக்கி கட்டும்போது இதில்தான் மாட்டுவார்கள். 100 வாட் ஒலியை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் கம்பியில் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் ஒரே ஓர் ஆம்பியர். அதனால்தான் மெல்லிய முறுக்கு ஒயரே அரை கிலோமீட்டர் தாங்குகிறது. ஒவ்வொரு குழாயின் முதுகிலும் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும். கோயில் கொடை, ஊர்ப் பள்ளி ஆண்டு விழா, ரயில் நிலைய அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பாட்டு ஓடும் நேரத்தில் அந்த முனையைத் தொட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

● பழைய வால்வு ரேடியோ காரில் எப்படி ஓடியது? வால்வுக்கு இருநூறு வோல்ட் அளவில் வேண்டும். அன்றைய காரில் இருந்ததோ 6 வோல்ட். 1930-களின் கார் ரேடியோக்களில் 'வைப்ரேட்டர்' என்று ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே ஓர் இரும்பு நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, நேர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தும். பாட்டோடு சேர்ந்து ஒரு வண்டு ரீங்காரமும் கேட்கும்.

வண்டு போய்விட்டது, வேலை போகவில்லை. இன்றைய பெரிய ஆம்ப்பைத் திறந்தால் முதல் பாதி முழுக்க அதே வேலைதான். மாஸ்ஃபெட்டுகள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, 12 வோல்ட்டை மேலும் கீழுமாகப் பல பத்து வோல்ட்டாக உயர்த்துகின்றன. ஆக, சக்திவாய்ந்த கார் ஆடியோ எல்லாமே உயர் மின்னழுத்த ஆடியோதான். அந்த உயர்த்தலை ஆம்ப்பின் வயிற்றுக்குள் செய்வதா, பேட்டரியிலேயே தொடங்கிவிடுவதா என்பதில்தான் சண்டை.

● டாஷ்போர்டு செட்டின் முகப்பில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கும். அந்த 50 எங்கிருந்து வந்தது? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, 4 ஓமால் வகுத்தால் 51.8. அதாவது ஒலி முழுவதும் நசுங்கிச் சதுரமாகிப்போன நிலையில் கிடைக்கும் உச்சக் கணக்கு. பாட்டு பாட்டாகக் கேட்கும் நிலையில் 20 வாட் சொச்சம்தான். வோல்ட்டை உள்ளே உயர்த்தும் பகுதி இல்லாத எந்தச் செட்டும் இதைத் தாண்ட முடியாது, கம்பெனி எதுவானாலும்.

● வெளி ஆம்ப்பின் பெட்டியில் '5,000 வாட்' என்று தங்க எழுத்தில் இருக்கிறதா? பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ்களை எண்ணுங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 60 × 14.4 = 864 வாட். அதுதான் உள்ளே தொடர்ந்து போகக்கூடிய உச்சம். கிளாஸ்-டி என்றால் அதில் 80 சதவீதம், சுமார் 690 வாட் வெளியே வரும். பழைய கிளாஸ்-ஏபி என்றால் இன்னும் குறைவு. மீதி நாலாயிரம் வாட் அட்டைப் பெட்டியோடு சரி.

● பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் கண்ணடிக்கிறதா? பலர் உடனே ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். நீல விளக்கோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். 14.4 வோல்ட்டில் அதில் சேரும் சக்தி சுமார் 104 ஜூல். மின்னழுத்தம் 12-க்கு இறங்கும் வரை அதிலிருந்து எடுக்க முடிந்தது 32 ஜூல். ஆயிரம் வாட் கேட்கும் ஆம்ப்புக்கு அது நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு வரும். ஊரே தாகமாக நிற்கும்போது கிணறு வெட்டாமல் ஒரு சொம்பு வாங்கி வைத்த கதை. டைனமோவும் பேட்டரியும் கம்பியும் சரியாக இருக்கிற வண்டியில் அந்தச் சொம்பு கொஞ்சம் உதவும். இல்லாத வண்டியில் அதுவும் ஒரு சுமை.

● டைனமோ தன் முழு ஆம்பியரையும் தருவது இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான். நின்று உறுமும்போது பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். மே மாதத்தில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கோடை விழாவுக்கு ஏறும் வண்டிகள் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகில் நத்தையாக நகரும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி, ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி ஹீட்டர், அதோடு வூஃபர். எல்லாம் பேட்டரியைத்தான் உறிஞ்சும். மேலே வந்து வண்டியை அணைத்துவிட்டுப் படுத்தவர், காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒரு சத்தம்தான் கேட்பார்.

● காலைக் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஈய-அமில பேட்டரி 25 டிகிரியில் தரும் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை 10 டிகிரியில் தராது. குளிரில் அதை நிறைக்கக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டும் தேவை. ஒரு டிகிரி குறைந்தால் ஆறு செல்லுக்கும் சேர்த்து சுமார் 0.02 முதல் 0.03 வோல்ட் கூட்ட வேண்டும். சமவெளியில் 14.1 போதும் என்றிருந்த பேட்டரிக்கு, நாயுடுபுரத்தின் ஜனவரி இரவில் 14.5 பக்கம் வேண்டியிருக்கும். வெப்பத்தை உணர்ந்து தானே மாற்றிக்கொள்ளும் ரெகுலேட்டர்கள் நிறைய வண்டிகளில் இருக்கின்றன. பழைய நிலையான 'கட்-அவுட்' உள்ள வண்டிகளில் இல்லை.

● மெலிந்த காற்றில் ஆம்ப்பும் டைனமோவும் சூடாகுமா? காற்று மெலிந்தால் அது ஏந்திச் செல்லும் சூடும் குறையும் என்பது உண்மை. அதனால்தான் மின் இயந்திரங்கள் பலவற்றின் மதிப்பீடு 1,000 மீட்டர் உயரம் வரை என்று எழுதியிருப்பார்கள். ஆனால் மேலே காற்றே குளிர்ந்திருப்பதால் ஒன்றை ஒன்று பெரிதும் ஈடுகட்டிவிடும். சீட்டுக்கடியில் ஆம்ப் வைத்து, அதன் மேல் கம்பளி போர்த்தி, ஹீட்டரும் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

● சுற்றுலா வேன்காரர்கள் பலருக்குத் தெரிந்த விஷயம்: பாட்டு பெட்ரோல் குடிக்கும். 2,500 வாட் மின்சாரம் தர டைனமோ ஏறக்குறைய ஆறு குதிரைச் சக்தியை இன்ஜினிடம் வாங்கும். டைனமோவின் திறன் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டர்போ இல்லாத இன்ஜின், கொடைக்கானல் உயரத்தில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். பெருமாள்மலைக்கு முன் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் திணறும்போது வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். நல்லவேளையாக, பாட்டு என்பது விட்டுவிட்டு அடிப்பது. சராசரித் தேவை உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

● ஒலியின் வேகம் காற்றின் அழுத்தத்தைப் பொறுத்ததல்ல, வெப்பத்தைப் பொறுத்தது. 35 டிகிரியில் நொடிக்கு 352 மீட்டர். 10 டிகிரியில் 337. ஓட்டை வைத்த வூஃபர் பெட்டியை மதுரை வெயிலில் 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்திருந்தால், கொடைக்கானல் இரவில் அது 33.5-க்கு இறங்கிவிடும்.

● 16 வோல்ட்டை வண்டி முழுவதற்கும் கொடுத்துவிட்டால்? ஹாலஜன் பல்புக்கு 5 சதவீதம் மின்னழுத்தம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. 14-லிருந்து 16-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பல்பு போனால் மாற்றலாம். இன்ஜின் கம்ப்யூட்டர் போனால் அது வேறு பட்ஜெட். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் வண்டியின் பக்கத்தை 12-லேயே விட்டுவிட்டு, ஆம்ப்புக்கு மட்டும் தனி வட்டம் கட்டுகிறார்கள். ஆம்ப்பும் 18 வோல்ட் வரை தாங்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

● ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'அணையவில்லை, டைனமோ நல்லாயிருக்கு' என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. பழைய வண்டியில் பிழைத்துக்கொள்ளலாம். அதிகச் சுமையில் ஓடும் டைனமோவிலிருந்து திடீரென்று பேட்டரியைப் பிரித்தால், ஒரு கணம் 80, 100 வோல்ட் வரை எகிறும் அலை கிளம்பலாம். வாகன மின் உறுப்புகளுக்கான பன்னாட்டுச் சோதனை முறைகளில் இந்த அலைக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. மலிவான மல்டிமீட்டர் ஒன்று இதே பதிலைச் சேதமில்லாமல் சொல்லும்.

● டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள் தண்ணீர் ஊற்றும் சாதாரண வகையை வைக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய டிக்கியில் ஒரு பொறி போதும். ஏ.ஜி.எம். எனப்படும் மூடிய வகையோ, லித்தியமோதான் அங்கே. லித்தியம் இரும்பு பாஸ்பேட் நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட். லித்தியம் டைட்டனேட் என்றால் ஆறு செல். அது எவ்வளவு வேகமாகக் கேட்டாலும் அள்ளிக் கொடுக்கும் என்பதால் போட்டிக்காரர்களின் செல்லப்பிள்ளை.

● ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பிக்காக. எனவே பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் வைத்தால், நடுவில் எங்காவது கம்பி உரசி பாடியில் பட்டதும் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், கார்ப்பெட் எரியும்.

● 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனர் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். மோதிரம், செயின், இரும்புக் காப்பு எல்லாம் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

● ஒலி இரண்டு மடங்காகக் கேட்க வாட் பத்து மடங்கு வேண்டும். 3 டெசிபல் கூட்ட வாட் இரண்டு மடங்கு. ஆனால் 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் அதே பலன் ஒரு வோல்ட்டும் ஏற்றாமல் கிடைக்கும்.

● காது விஷயத்தில் இந்த 3 டெசிபல் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். வத்தலக்குண்டிலிருந்து மேலே வர இரண்டு மணி நேரமாவது ஆகும்.

● 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. நாயுடுபுரம் வீடுகள் நிறைந்த ஊர். மலையில் இரவு வாகன ஓசையும் குறைவு என்பதால் வூஃபரின் அதிர்வு எங்கோ இருப்பவர் கட்டில் வரை போகும். போதாததற்கு, கொடைக்கானல் தெருக்களில் காட்டுமாடு இரவில் உலாவுவது சகஜம். கண்ணாடி ஏற்றி பேஸ் ஓட்டும் டிரைவருக்கு, வளைவில் நிற்கும் ஒரு டன் மிருகம் மூச்சு விடுவது கேட்காது.

● 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. அடுத்த மாற்றம் இதோ வருகிறது என்று 1990-களின் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 42 வோல்ட் திட்டம் ஒன்று பெரிய கம்பெனிகளின் ஆதரவோடு கிளம்பியது. 2001-ல் டொயோட்டா கிரவுனில் 36 வோல்ட் பேட்டரியும் வந்தது. அதோடு அடங்கியது. பிறகு 48 வந்தது: நம் நாட்டில் 2019-ல் வந்த எம்ஜி ஹெக்டரின் ஹைப்ரிட் வகை ஓர் உதாரணம். வண்டியின் சின்னச் சின்ன உறுப்புகளையும் 48-க்கு மாற்றிக் காட்டியது 2023-ல் வெளிவந்த டெஸ்லா சைபர்டிரக். 48-ல் நிற்பதற்குக் காரணம், 60 வோல்ட்டுக்கு மேல் போனால் தொடுவதே ஆபத்து என்று விதிகள் வகைப்படுத்துவது.

● மின்சாரக் காரில் இந்தக் கவலையே இருக்காது, உள்ளே இருக்கும் பெரிய பேட்டரியில் நேராக ஆம்ப்பை மாட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் கூட்டம் பேசிக்கொள்கிறது. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 320 வோல்ட் வகை. ஆனால் பாட்டும் விளக்கும் கதவுப் பூட்டும் ஓடுவது பக்கத்தில் தனியாக இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியில். பெரியதிலிருந்து சின்னதை நிறைக்கும் கன்வெர்ட்டரின் வரம்புதான் உங்கள் வூஃபரின் வரம்பு. மலையிறங்கும்போது சக்கரம் பேட்டரியை நிறைக்கும், உண்மைதான். அந்த மின்சாரம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொட உங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் சம்மதித்தால், எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள்.